ரெயின்கோட் போட்டு ஓடி மயங்கி விழுந்தேன், ஏழு வாரத்தில் பிசிகல் டெஸ்ட், ஓடலாமா டாக்டர்?

கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 23. வட மாவட்டம் ஒன்றில் விவசாயக் குடும்பம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு தேறிவிட்டார். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், போன முறை அதில்தான் வெளியே வந்தார். இப்போதும் 7 நிமிடம் 20 நொடி ஆகிறது. பக்கத்து ஊரில் மாதக் கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் ஒரு மாஸ்டரிடம் சேர்ந்திருக்கிறார். கத்திரி வெயிலில், மதியம் மூன்றரை மணிக்கு, ரெயின்கோட் போட்டுக்கொண்டு 1500 மீட்டரை நான்கு முறை ஓடச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர். நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது, குடித்தால் மூச்சு வாங்கும் என்பது அங்கே விதி. காய்ச்சல் விட்டு அன்றைக்கு இரண்டாவது நாள், சளி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். முந்தின இரவு மூன்று ஃபேஸ் கரண்டு வரும் நேரம் பார்த்துக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனதில் தூக்கமும் இல்லை.

நான்காவது ஓட்டத்தில் ஓடும் பாதையை விட்டு விலகிக் குறுக்கே ஓடியிருக்கிறார். தடுக்க வந்த நண்பனை "யாருடா நீ" என்று திட்டினாராம், விளையாடுகிறார் என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு விழுந்து கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயில் சோடா ஊற்றி, பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஐம்பது நிமிடம். அங்கே அக்குளில் காய்ச்சல் 102. "சுகர் குறைந்திருக்கும்" என்று குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் காலை அனுப்பிவிட்டார்கள். அன்று முழுக்கச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிருக்கிறது. இன்றைக்கு ஒன்பதாவது நாள், தொடை வலி விடவில்லை, மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையில் நாள் ஓடுகிறது. ஏழு வாரத்தில் பிசிகல். ஓடலாமா, உப்பு மாத்திரை போடலாமா, "என் உடம்பே போலீஸ் வேலைக்கு லாயக்கு இல்லையா" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, ஓட்டத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். இதைப் படித்து முடித்ததும் அந்த வலி மாத்திரையை நிறுத்துங்கள், நாளைக் காலையே பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ போங்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதும் தொடை வலி ஒன்பது நாளாக இருப்பதும் சேர்ந்தால், சூட்டில் தசை நார்கள் உடைந்து அதன் கழிவு இரத்தத்தில் கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தக் கழிவை வடிகட்டி வெளியே அனுப்புவது சிறுநீரகம்தான், அதுவே அதற்குப் பாரமாகிப் பாதிக்கலாம். அந்த நேரத்தில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரியான மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. சி.பி.கே. (தசை உடைந்ததைக் காட்டுவது), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம், கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, இவற்றைக் கேட்டு எடுங்கள். கூடவே ஈ.சி.ஜி.யும் எக்கோ என்கிற இதய ஸ்கேனும். ஓடும்போது மயங்கி விழுந்த இளைஞருக்கு இதயத்தைப் பார்க்காமல் "ஒன்றும் இல்லை" என்று சொல்லக் கூடாது.

போகும்போது முதல் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். "கேட்டோம், இல்லை என்றுவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் கேளுங்கள். உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளை அவரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதற்காகக் காத்திருந்து பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

நடந்தது சுகர் குறைவு இல்லை

நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வையுங்கள். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, கடும் உழைப்பில் வரும் ஹீட் ஸ்ட்ரோக்குக்கு அப்படியே பொருந்துகிறது. உடம்பின் உட்சூடு 104 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாற ஆரம்பித்தால் அதுதான் ஹீட் ஸ்ட்ரோக். ஓடும் பாதையை விட்டு விலகி ஓடியது, கூடப் படித்த நண்பனையே யார் என்று கேட்டது, எல்லாம் மூளை தடுமாறியதன் அடையாளம். இதயக் கோளாறில் விழுபவர் பெரும்பாலும் சட்டென்று விழுவார். சூட்டில் விழுபவர் அதற்கு முன்னால் சில நிமிடமாவது வேறு ஆளாக நடந்துகொள்வார், குழறுவார், எரிந்து விழுவார், தள்ளாடுவார். உங்கள் நண்பர்கள் சிரித்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடம்தான் உங்களைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டிய நேரம். அவர்களைக் குறை சொல்லவில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

102 என்றுதானே காட்டியது என்கிறீர்கள். விழுந்து ஐம்பது நிமிடம் கழித்து, பைக்கில் காற்றடிக்கப் போன பிறகு, அக்குளில் வைத்துப் பார்த்தது அது. அக்குளும் நெற்றியில் காட்டும் துப்பாக்கி மாதிரியான கருவியும் உட்சூட்டைக் குறைத்தே காட்டும். இந்த நிலையில் நம்பக்கூடிய அளவு ஆசனவாய் வழியாக எடுப்பது மட்டும்தான்.

"வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது, அதனால் ஹீட் ஸ்ட்ரோக் இருக்காது என்று மாஸ்டர் சொன்னார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். தோல் காய்ந்து போவது, வெயில் காலத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் வயதானவர்களுக்கு வரும் வகையில் அதிகம். ஓடி விழும் இளைஞர்கள் பெரும்பாலும் தொப்பலாக நனைந்துதான் இருப்பார்கள். இந்த ஒரு தவறான நம்பிக்கையால் எத்தனையோ பேருக்குச் சிகிச்சை தாமதமாகிறது.

சூடு எங்கிருந்து வந்தது என்று ஒரு கணக்குப் போடுவோம். 65 கிலோ எடை உள்ளவர் 1500 மீட்டர் ஓடினால் சுமார் 100 கலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டத்துக்குப் போகாது, வெறும் சூடாகத்தான் மாறும். அந்தச் சூடு வெளியே போக வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு ஓட்டத்துக்கு உடம்பு கிட்டத்தட்ட இரண்டரை டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும். நான்கு ஓட்டத்துக்குப் பத்து டிகிரி. 98-இல் தொடங்கினால் 108. நிஜத்தில் அவ்வளவு ஏறாமல் காப்பாற்றுவது வியர்வை காற்றில் உலர்வதுதான். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, உலர்வதால்தான் குளிர்கிறது. ரெயின்கோட்டுக்குள் அது உலராது. வெளியே வெயில், காலுக்குக் கீழே கொதிக்கிற மண், உள்ளே அடைபட்ட சூடு. இதற்கு மேல் காய்ச்சல் விட்ட உடம்பு, தூக்கமின்மை, வியர்ப்பதைக் குறைக்கக்கூடிய மருந்து (பல சளி மாத்திரைகளில் அது உண்டு). இதில் ஒன்றிரண்டு குறைந்திருந்தால் அன்றைக்கு வெறும் களைப்போடு வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

ரெயின்கோட்டும் வைராக்கியமும்

ரெயின்கோட் போட்டு ஓடினால் "கெட்ட நீர் போகும், எடை இறங்கும், நுரையீரல் பலப்படும்" என்று மாஸ்டர் சொன்னாராம். இறங்குகிற எடை வெறும் தண்ணீர், இரண்டு சொம்பு குடித்தால் திரும்ப ஏறிவிடும். நுரையீரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1997-இல் அமெரிக்காவில் ஒரு மாதத்துச் சொச்ச இடைவெளியில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், எடை குறைப்பதற்காகக் காற்றுப் புகாத உடை போட்டுக்கொண்டு சூடான அறையில் பயிற்சி செய்து இறந்துபோனார்கள். மறு வருடமே அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைகளுக்குத் தடை வந்துவிட்டது. நம் ஊர் கிரவுண்டுகளில் இன்னும் அதைப் பயிற்சி என்று சொல்லிக் காசு வாங்குவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள். 7 நிமிடம் 20 நொடி என்றால் 400 மீட்டர் ரவுண்டுக்கு சுமார் 117 நொடி. 7 நிமிடத்துக்கு 112 நொடி. ரவுண்டுக்கு ஐந்து நொடிக்குச் சற்று மேல் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஐந்து நொடியை மதிய வெயில் தராது. சூடான உடம்பு தோலைக் குளிர்விக்க இரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது, காலுக்குப் போவது குறைகிறது, அதனால் வெயிலில் யாராலும் தன் முழு வேகத்தில் பயிற்சி செய்ய முடியாது. விடிகாலையில், 400 மீட்டரை 108, 110 நொடியில் ஓடி, மூச்சு அடங்கும்வரை நடந்து, மறுபடி ஓடி, இப்படி ஐந்தாறு முறை, வாரத்துக்கு இரண்டு நாள் செய்வதில்தான் அது வரும். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் நிதானமான ஓட்டம்.

இன்னொன்று. "மனசில் வைராக்கியம் இருந்தால் உடம்பு கேட்கும் என்று நினைத்தேன்" என்ற உங்கள் வரியை இரண்டு முறை படித்தேன். ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுபவர்களில் சோம்பேறிகள் குறைவு. முடியவில்லை என்று உடம்பு சொன்ன பிறகும் நிற்காதவர்கள்தான் விழுகிறார்கள், அதனால்தான் ராணுவத்திலும் ஆள்சேர்ப்பு மைதானங்களிலும் இது அதிகம். 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்காக 10 கிலோமீட்டர் ஓடிய இளைஞர்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் வெயில்தான் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் தேர்வைச் சில நாள் நிறுத்திவைத்த அரசு, இனிக் காலை 9 மணிக்கு மேல் யாரையும் ஓடவிடக் கூடாது என்று உத்தரவு போட்டது. எல்லாரும் உங்களை மாதிரி வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று ஓடிய பிள்ளைகள்.

இனி கிரவுண்டில் யாராவது விழுந்தால்

இந்தப் பகுதியை மட்டுமாவது உங்கள் நண்பர்களிடம் காட்டுங்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டு போக வேண்டும். 108-க்கு ஒருவர் போன் போடட்டும், அது வரும்வரை மற்றவர்கள் சும்மா நிற்கக் கூடாது. விழுந்து அரை மணி நேரத்துக்குள் உட்சூட்டை 102 பக்கம் இறக்கிவிட்டால் பிழைப்பது மட்டுமல்ல, சிறுநீரகமும் மூளையும் பெரும்பாலும் சேதமில்லாமல் தப்பிக்கும். அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில், 18 வருடக் கணக்கில் 274 பேர் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்திருக்கிறார்கள். மைதானத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கிவிட்டார்கள். 274 பேரும் பிழைத்தார்கள்.

உங்கள் கிரவுண்டுக்குப் பக்கத்தில் பம்புசெட் தொட்டி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல இடம் கிடையாது. ரெயின்கோட், ஷூ, பனியன் எல்லாவற்றையும் கழற்றி, தொட்டியில் இறக்கி, இரண்டு பேர் அக்குளுக்குள் கை கொடுத்துத் தலை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி இல்லாத இடத்தில் ஒரு தார்பாயில் படுக்கவைத்து, சுற்றி நின்று ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, உள்ளே தண்ணீரும் ஐஸும் கொட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் குடம் குடமாக உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். நெற்றியில் ஈரத்துணி போடுவது போதவே போதாது.

கையில் சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. நினைவு தப்பியவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும், உங்களுக்கு அப்படி ஆகாதது அதிர்ஷ்டம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுங்கள், அடங்கியதும் தொட்டியில் இறக்குங்கள். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது, ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரலுக்குச் சுமைதான் கூடும்.

நீங்கள் எப்போது ஓடலாம்

இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வரும்வரை ஓட்டம் இல்லை, தண்டால் இல்லை, மண்வெட்டி வேலையும் இல்லை. வீட்டில் இதைச் சொல்வது கஷ்டம் என்று தெரியும், டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்து, பார்க்கும் மருத்துவரும் சம்மதித்தால், முதல் வாரம் விடிகாலையில் நடையும் மெதுவான ஓட்டமும். நன்றாகத் தாங்கினால் அடுத்த வாரம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம். அதன் பிறகுதான் சூட்டுக்குப் பழக்குவது. பிசிகல் அன்று எத்தனை மணிக்கு உங்கள் முறை வரும் என்பது உங்கள் கையில் இல்லை, அதனால் பழக்கத்தான் வேண்டும். காலை எட்டு, எட்டரை மணி வெயிலில் பதினைந்து இருபது நிமிடம் மெதுவாக ஓடத் தொடங்கி, தினம் சில நிமிடம் கூட்டி, பத்துப் பதினான்கு நாளில் உடம்பு பழகிவிடும். இரத்தத்தில் நீர் அளவு கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் போகும் உப்பு குறையும், அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு குறையும். ஒரே நாளில் இதைக் கொண்டுவர வழியே கிடையாது. இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள், கூட ஒருவர் இருக்கட்டும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இரவு தூக்கமில்லை, முந்தின நாள் குடித்தது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு வெயிலில் கடும் பயிற்சி கூடாது. தண்ணீர் பாய்ச்சப் போன மறுநாளை ஓய்வு நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வாரத்துக்குள் இதெல்லாம் முடியுமா? பரிசோதனை இந்த வாரமே சரியாக வந்தால் இடம் இருக்கிறது. சி.பி.கே.யோ கிரியாட்டினினோ இன்னும் அதிகமாக இருந்தால், இந்த முறை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வயது வரம்புக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கெட்டுப்போன சிறுநீரகத்தோடு எந்த வருடமும் ஓட முடியாது.

தண்ணீரும் உப்பும்

ஏழு நிமிட ஓட்டத்துக்கு நடுவில் தண்ணீர் தேவையில்லை. ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்குக் கட்டாயம் தேவை. ஓடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு டம்ளர், பயிற்சியின்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தாகத்துக்கு ஏற்ப முக்கால் டம்ளர், ஒரு டம்ளர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. 65 கிலோக்காரருக்கு ஒரு கிலோ முந்நூறு கிராமுக்கு மேல் குறையக் கூடாது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்துதான், இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வலிப்பு வரை போகும்.

உப்பு மாத்திரை வேண்டாம். வயிற்றைப் புரட்டும், தேவையும் இல்லை. உப்புப் போட்ட மோர், கஞ்சி, நீராகாரம் போதும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு, அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நிறைய வியர்த்த நாளில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஆனால் ஒன்று, நிறையத் தண்ணீர் குடித்தால் ஹீட் ஸ்ட்ரோக் வராது என்று நினைத்துவிடாதீர்கள். ரெயின்கோட்டுக்குள் ஓடுபவருக்கு நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தாலும் வரும்.

கடைசியாக உங்கள் கேள்வி, உடம்பு லாயக்கு இல்லையா என்பது. இதயப் பரிசோதனை சரியாக இருந்தால், நீங்கள் எழுதியதில் உடம்பின் குறை என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. அன்றைய நிலைமையில் உங்களைவிடப் பலசாலியும் விழுந்திருப்பார். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த சில வாரம், சில மாதம் சூட்டைத் தாங்கும் சக்தி குறைந்திருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு நிதானம் கேட்கிறேன்.

மாஸ்டரிடம் பேசத் தயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். சண்டை போட வேண்டாம். நான்கைந்து பேராகப் போய், ரெயின்கோட் இல்லை, காலை ஏழு மணிக்குள் கடும் பயிற்சி முடிய வேண்டும், கிரவுண்டில் ஒரு டிரம் தண்ணீரும் ஒரு தார்பாயும் எப்போதும் இருக்க வேண்டும், கேட்டபோது தண்ணீர் குடிக்கலாம், இந்த நான்கையும் கேளுங்கள். கட்டணம் கட்டிப் பயிற்சிக்கு வருபவர்கள் நீங்கள், கேட்பதில் தவறில்லை. முடியாது என்றால் அங்கே போவதை நிறுத்திவிடுங்கள். ஐந்து நொடிக்கு உங்கள் ஊர் ஏரிக்கரையும் ஒரு ஸ்டாப்வாட்சும் போதும்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் எண்களோடு எனக்கு எழுதுங்கள். நடுவில் சிறுநீர் மறுபடி கறுத்தாலோ, அளவு குறைந்தாலோ, கால் வீங்கினாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.